லாரி நிறுவனத்தின் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புகளைக் கிளவுடுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் தலைமை அலுவலகம், கப்பலூர்ப் பக்கம் குடோன், தூத்துக்குடி, சிவகாசி, திண்டுக்கல், கோவை, பெங்களூரு, கொச்சி என்று ஐம்பது அறுபது புக்கிங் கிளைகள். இந்த அளவுக்கு வளர்ந்த பார்சல், லாரி நிறுவனங்களில் பெரும்பாலும் கிளையில் இருப்பது திரையும் கீபோர்டும் பிரிண்டரும்தான். புக்கிங் சாஃப்ட்வேரும் கணக்கு எழுதும் டேலியும் மதுரை சர்வர் அறையில் ஓடுகின்றன. அந்த அறையைக் காலி செய்துவிட்டு அதே டெஸ்க்டாப்புகளைக் கிளவுடில் ஓட்டலாமா என்று யோசிக்கும் முதலாளிகளும் கிளை மேலாளர்களும் கணினிப் பிரிவினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

இப்போதே நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

சர்வர் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, தொல்லை எதுவும் இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம். அதன் காலம் முடியும்வரை ஓட்டுங்கள். மாற்ற வருகிறவர்கள் பொதுவாக மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்றால் வருகிறார்கள்.

ஒன்று, தேதி முடிந்த விண்டோஸ். சர்வர் 2012 ஆர்2-வுக்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபரில் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி வரைதான். அடுத்தது, உரிமக் கட்டணம். ஒரே சர்வருக்குள் பல கணினிகளை ஓட்டும் சாஃப்ட்வேர் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியதும், ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமம் நின்று எல்லாம் சந்தாவாகிவிட்டது. அதன் டெஸ்க்டாப் பிரிவான ஹொரைசன் 2024-இல் ஆம்னிசா என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. புதுப்பிக்கும் தேதி வந்து விலைப்பட்டியலைப் பார்த்தவர்கள் வேறு வழி தேட ஆரம்பித்தார்கள்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கிளைகள் உள்ளே வரவேண்டும் என்பதற்காக ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலை, இணையத்துக்கே திறந்து வைத்திருப்பார்கள். உலகம் முழுக்க அந்தப் போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் ஒரு ராத்திரியில் உள்ளே வந்து, காலையில் எல்லா ஃபைலையும் பூட்டி வைத்துப் பணம் கேட்பார்கள். போர்ட் எண்ணை மாற்றிவிட்டோம், பயமில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்கேன் செய்கிற நிரலுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் கிளவுடுக்குப் போகிறார்களோ இல்லையோ, அந்தப் போர்ட்டை இன்றைக்கே மூடவேண்டும்.

கிளவுடில் எதைத்தான் வைக்கிறோம்?

ஊழியர் காணும் விண்டோஸ் திரை, அதற்குள் ஓடும் புக்கிங் சாஃப்ட்வேர், டேலி, பிரவுசர், ஊழியரின் ஃபைல்கள், டேட்டாபேஸ் எல்லாமே டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் இருக்கும். கிளைக்கு வருவது திரையின் படம் மட்டும். கிளையிலிருந்து போவது கீபோர்டு, மவுஸ் அசைவு. கிளைக் கணினி திருடு போனாலும் கணக்கு போகாது.

டேட்டாபேஸை மதுரையிலேயே வைத்துக்கொண்டு டெஸ்க்டாப்பை மட்டும் அனுப்பலாமா?

கூடாது. முதலாளிகள் பலர் கணக்கு நம் கட்டடத்திலேயே இருக்கட்டும் என்று ஆசைப்படுவார்கள். அந்த ஆசை புரிகிறது, ஆனால் அதைச் செய்தால் மாற்றமே தோற்றுவிடும். அடுப்படி சிம்மக்கல்லிலும் பந்தி திருமங்கலத்திலும் வைத்த கல்யாணம் மாதிரி ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய புக்கிங் சாஃப்ட்வேர்கள் ஒரு எல்.ஆர். (லாரி ரசீது) திரையைத் திறக்கவே டேட்டாபேஸை நூற்றுக்கணக்கான தடவை கேட்கும்: பார்ட்டி பெயர், ஊர், கட்டண விகிதம், டு-பே (பெறுபவர் கட்டவேண்டிய கூலி) பாக்கி என்று ஒவ்வொன்றாக. 400 கேள்வி என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் பக்கத்து அலமாரியில் இருந்தால் ஒரு கேள்விக்கு ஒரு மில்லி செகண்டு கூட ஆகாது, அரை நொடிக்குள் திரை வந்துவிடும். டெஸ்க்டாப் புனேயிலும் டேட்டாபேஸ் மதுரையிலும் இருந்து, போய்வர 30 மில்லி செகண்டு ஆனால் 400 கேள்விக்கு 12 நொடி. கவுன்டரில் ஆள் நிற்கும்போது 12 நொடி என்பது யுகம். டேலி இன்னும் மோசம். அது ஃபைலை நேரடியாகத் திறந்து படிக்கும், எழுதும். இடையில் தூரம் வந்தால் மெதுவாவது மட்டுமில்லை, லைன் அறுபடும்போது டேட்டா கெடவும் வாய்ப்புண்டு.

ஆகவே டெஸ்க்டாப், டேட்டாபேஸ், ஃபைல் சர்வர் மூன்றும் ஒரே டேட்டா சென்டரில் இருக்கவேண்டும், மூன்றும் ஒரே ராத்திரியில் இடம் மாறவேண்டும். கிளைக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையிலான தூரத்தை மனிதன் பொறுத்துக்கொள்வான். டெஸ்க்டாப்புக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான தூரத்தை சாஃப்ட்வேர் பொறுக்காது.

எந்த ஊர் டேட்டா சென்டரை எடுப்பது?

இந்தியாவுக்குள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூருக்குச் சென்னை, புனே, மும்பையில் 2015-இலிருந்து இடம் இருக்கிறது. அமேசானுக்கு மும்பையில் 2016-இலிருந்தும் ஹைதராபாத்தில் 2022-இலிருந்தும் உண்டு.

ஃபைபரில் ஒளி 1000 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மில்லி செகண்டு, போய்வர 10. மதுரைக்குச் சென்னை 460 கிலோமீட்டர்தான் என்றாலும் உங்கள் லைன் நேராகப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்; சுற்றிக்கொண்டும் போகலாம். அதனால் வரைபடத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். காலை 11 மணிக்கு அளந்தால் எல்லாமே அழகாகத் தெரியும். லோடு ஏற்றுகிற இரவு 8 மணிக்கு, சிவகாசிக் கிளையிலிருந்து, அங்கே இருக்கிற அதே பிராட்பேண்டில் அளக்கவேண்டும். போய்வரும் நேரம் 150 மில்லி செகண்டைத் தாண்டாமல் இருக்கவேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு. டேட்டா என்ட்ரி வேகமாக அடிக்கிறவர்களுக்கு 80-ஐத் தாண்டினாலே முகம் சுளிக்கும் என்பது என் அனுபவம்.

அஷூரில் சென்னையா புனேயா என்பது அடிக்கடி வரும் கேள்வி. சென்னை கிட்டே. ஆனால் ஒரே ஊருக்குள் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைக்கும் வசதி புனேயில் உண்டு, சென்னையில் இல்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு, வேலையைப் புனேயில் ஓட்டி, பேக்கப்பின் நகலைச் சென்னையில் வைப்பது.

எந்தச் சேவை? பெயர்கள் குழப்புகின்றனவே.

அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் 2019-இல் வேறு பெயரில் வந்து 2021-இல் இந்தப் பெயர் பெற்றது. ஒரே விண்டோஸ் 11-க்குள் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், ஓடிய நேரத்துக்குத்தான் கட்டணம். விண்டோஸ் 365 அதே நிறுவனத்தின் இன்னொரு சேவை. ஆளுக்கு ஒரு கணினி, மாதம் நிலையான கட்டணம். அமேசான் வொர்க்ஸ்பேசஸும் ஆளுக்கு ஒன்று என்ற வகைதான், மாதக் கட்டணம், மணிக் கட்டணம் இரண்டும் உண்டு.

புக்கிங் கிளார்க்குகள், டெலிவரி குடோன் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் வகைதான் கட்டுபடியாகும். கணக்குப் பிரிவுத் தலைவர், டிராஃபிக் மேனேஜர் மாதிரி நாள் முழுக்க இருபது ஜன்னல் திறந்து வைக்கிற சிலருக்குத் தனிக் கணினி கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஆரம்பித்தால் பில்தான் ஏறும்.

எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய சர்வர்?

இலகுவான டேட்டா என்ட்ரிக்கு ஒரு விசிபியூவில் (கிளவுடு கணினியின் செயலித் திறனை எண்ணும் அலகு) 6 பேர், சாதாரண அலுவலக வேலைக்கு 4 பேர் என்பது மைக்ரோசாஃப்டின் வழிகாட்டு அளவு. இந்தக் கணக்கில் 8 விசிபியூ உள்ள ஒரு கணினியில் 32 பேர் உட்காரலாம். ஆனால் அதே கணினியில் மெமரி 32 ஜிபி என்றால் ஆளுக்கு 1 ஜிபிதான் வரும். புக்கிங் சாஃப்ட்வேரோடு குரோமில் ஜிஎஸ்டி தளம், இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு), ஜிபிஎஸ் வரைபடம் மூன்றையும் திறந்து வைத்தால் 1 ஜிபி எங்கே போதும்? ஆளுக்கு 2 ஜிபியாவது வேண்டும். விண்டோஸுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் மிச்சத்தில் 14 பேர்தான். ஆகவே லாரி ஆபீஸ் வேலைக்கு மெமரி அதிகமுள்ள வகை, அதாவது 8 விசிபியூவுக்கு 64 ஜிபி தருவதை எடுங்கள். விசிபியூவை மட்டும் பார்த்து அளவெடுத்த இடங்களில்தான் கிளவுடு ரொம்ப ஸ்லோ என்ற பேச்சு வருகிறது.

மாதம் எவ்வளவு ஆகும்?

தொகை உங்கள் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் பில் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பதைச் சொல்லலாம்.

பெரும்பகுதி, கணினி ஓடுகிற நேரம். ஆள் இல்லாதபோது தானாக அணைத்து, வேண்டும்போது எழுப்பும் ஏற்பாடு உண்டு. அதில் முன்கூட்டியே தரும் அட்டவணை காலை 9 முதல் மாலை 6 வரை உச்சம் என்ற எண்ணத்தில் போடப்பட்டிருக்கும். லாரி ஆபீஸுக்கு அது பொருந்தாது. காலையில் டெலிவரி, மத்தியானம் மந்தம், சாயங்காலம் 5-க்கு மேல் பார்சல் வந்து குவியும், 8 முதல் 11 வரை லோடிங் ஷீட்டும் இ-வே பில்லும் பறக்கும். அட்டவணையை அப்படியே விட்டால் உச்ச நேரத்தில் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போய்விடும். கிளை வேலை எப்போது ஏறுகிறது என்று ஒரு வாரம் பார்த்து நீங்களே அட்டவணை போடுங்கள்.

இன்னொன்று. விண்டோஸுக்குள்ளிருந்து ஷட்டவுன் கொடுத்தால் கணினி நிற்கும், கட்டணம் நிற்காது. அஷூர் பக்கமிருந்து அதன் ஒதுக்கீட்டை விடுவித்தால்தான் மணிக்கணக்கு நிற்கும். அப்போதும் டிஸ்க் கட்டணம் தொடரும். எப்போதும் ஓடியே ஆகவேண்டிய டேட்டாபேஸ் சர்வருக்கு ஒரு வருடமோ மூன்று வருடமோ முன்பதிவு செய்தால் கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, வரி. கிளவுடு பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஐடி கம்பெனிக்காரர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். லாரி நிறுவனத்துக்குப் பதிலாகப் பார்ட்டியே வரி கட்டும் ஆர்.சி.எம். முறையில் 5 சதவீதம் கட்டுகிற லாரி நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது. 18 சதவீதமும் செலவுதான். சர்வர் வாங்கினாலும் இதே நிலைதான் என்றாலும், கிளவுடு விற்க வருகிறவர் காட்டும் ஒப்பீட்டில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. உங்கள் ஆடிட்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவேண்டிய இடம் இது.

எல்.ஆர். பிரிண்ட் எப்படி வரும்? எங்களிடம் டாட் மேட்ரிக்ஸ்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தொழில் தெரிந்தவர். மாற்றம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எல்.ஆர். என்பது அனுப்புபவருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று, வண்டியோடு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று என்று கார்பன் வைத்த தொடர்தாள். ஊசி தட்டினால்தான் நாலாவது தாளில் எழுத்து விழும், அதனால் லேசர் பிரிண்டர் உதவாது. பழைய ஏற்பாட்டில் சாஃப்ட்வேர் வெறும் எழுத்துகளை பிரிண்டருக்கு அனுப்பும், அது தன் சொந்த எழுத்துருவில் சரசரவென்று தட்டிவிடும். கிளவுடுக்குப் போனதும் என்ன ஆகிறதென்றால், ரிமோட் டெஸ்க்டாப்பின் பொது பிரிண்டர் டிரைவர் அந்தப் பக்கத்தையே ஒரு படமாக மாற்றி அனுப்புகிறது. டாட் மேட்ரிக்ஸ் அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாக வரைய ஆரம்பிக்கும். ஐந்து நொடியில் வந்த எல்.ஆர். ஒரு நிமிடம் ஆகும், நாலாவது தாளில் நிழல்தான் தெரியும், முன்பே அச்சடித்த கட்டங்களுக்குள் எழுத்து உட்காராமல் ஒரு வரி தள்ளி விழும். வாசலில் வண்டி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், கிளார்க் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

வழி இருக்கிறது. பொது டிரைவரை நிறுத்திவிட்டு, அந்த பிரிண்டருக்கே உரிய டிரைவரைக் கிளவுடு கணினியில் போட்டு, எழுத்தாகவே அனுப்பும்படி வைப்பது ஒன்று. சாஃப்ட்வேர் எல்.ஆரை டெக்ஸ்ட் ஃபைலாக எழுத, கிளைக் கணினியில் ஒரு சின்ன நிரல் அதை எடுத்து பிரிண்டருக்குத் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பிரிண்டர் மாடல் மாறினாலும் தலைவலி இல்லை. எந்த வழியானாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் சொந்த எல்.ஆர். தாளை வைத்து, உங்கள் பிரிண்டரில், நாலாவது நகலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எடைமேடை, பார்கோடு ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்?

பார்கோடு ஸ்கேனர் கீபோர்டு மாதிரிதான் பேசும், பிரச்சினையே இல்லை. எடைமேடை சீரியல் போர்ட்டில் பேசும். ரிமோட் டெஸ்க்டாப் அதைக் கடத்தும், ஆனால் லைன் ஆடினால் எண் விட்டுப்போகும். எடையைக் கிளைக் கணினியிலேயே பிடித்து, எண்ணை மட்டும் மேலே அனுப்புவது நல்லது. ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவாளர் அலுவலகத் தாக்கல்களுக்கான யுஎஸ்பி டோக்கன் கிளவுடு கணினிக்குள் சில தளங்களில் வேலை செய்யும், சிலவற்றில் அடம்பிடிக்கும். மதுரை அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கணினியை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியுமா?

யூனிகோடில் இருப்பது தெரியும். ஆனால் பார்ட்டி பெயரை பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்த பழைய நிறுவனங்கள் உண்டு. அந்த எழுத்துருக்கள் கிளவுடு கணினியின் மூலப்படிவத்தில் (எல்லாக் கணினிகளும் நகலெடுக்கப்படும் முதல் பிரதி) இல்லையென்றால் முனியாண்டி ஸ்டோர்ஸ் என்பது புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருக்களையும், ஊழியர்கள் பயன்படுத்தும் என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சுக் கருவியையும் மூலப்படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியலைக் கணினிப் பிரிவிடம் கேட்காமல், கிளையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கிளார்க்கிடம் கேளுங்கள்.

நெட் போனால் என்ன செய்வது?

போகும். மதுரையில் முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டாத தெரு குறைவு. ஃபைபர் அறுவது அபூர்வம் இல்லை. ஆகவே, போனால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வைக்கவேண்டும்.

லைன் அறுந்தால் திரை உறையும், ஆனால் நீங்கள் பாதி அடித்த எல்.ஆர். அங்கே கிளவுடில் அப்படியே திறந்திருக்கும். திரும்ப இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த விஷயத்தில் பழைய முறையைவிட இது மேல்தான். கவனிக்கவேண்டியது, துண்டிக்கப்பட்டவரை எவ்வளவு நேரம் கழித்து வெளியேற்றுவது என்ற அமைப்பு. பத்து நிமிடம் என்று வைத்தால், பதினைந்து நிமிடம் லைன் போனவரின் வேலை போச்சு. ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு லைன் வேண்டும், அவை இரண்டு வேறு வழியில் வரவேண்டும். ஒரே கம்பத்தில் வரும் இரண்டு கம்பெனி ஃபைபர், ஒரு லைனுக்குச் சமம். ஒன்று ஃபைபர், ஒன்று சிம் கார்டு போட்ட 4ஜி அல்லது 5ஜி ரூட்டர் என்பது பெரும்பாலான கிளைகளுக்குப் போதும். ஒருவருக்கு இலகுவான வேலைக்கு 1.5 எம்பிபிஎஸ் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. நாலு பேர் உள்ள கிளையை ஒரு நல்ல 4ஜி சிம் தாங்கும்.

இரண்டும் போய்விட்டால் கை எல்.ஆர். புத்தகம். கிளைக்கு ஒரு புத்தகம், தனி வரிசை எண்ணோடு அச்சடித்து, மேனேஜர் மேசையில் இருக்கட்டும். லைன் வந்ததும் அதே எண்ணில் கணினியில் ஏற்றலாம். தனி வரிசை இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு பார்சலுக்கு விழும். கிளவுடு காலத்தில் புத்தகமா என்று சிரிப்பவர்கள் இரவு 10 மணிக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் லோடு நிற்கும் கிளையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கரண்ட் போனால்?

கிளையில் ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ். கணினிக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். பிரிண்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று சர்வர் அறைக்கு டீசல் போட்ட செலவு இனி இல்லை.

இ-வே பில் போடுவதில் ஏதாவது மாறுமா?

தளம் அதேதான், ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, கிளவுடிலிருந்து போகும்போது உங்கள் எல்லாக் கிளைகளும் டேட்டா சென்டரின் ஐ.பி. எண்ணில்தான் தெரியும். சாஃப்ட்வேரிலிருந்தே நேரடியாக இ-வே பில் எடுக்கும் இணைப்பு வைத்திருப்பவர்கள் ஐ.பி. எண்ணை முன்கூட்டிப் பதிவு செய்யவேண்டும். வெளியே போகும் ஐ.பி. நிலையாக இருக்கும்படி முதலிலேயே ஏற்பாடு செய்து, பழைய எண்ணை எடுப்பதற்கு முன் புதிய எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஓடிபி. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். கிளவுடு டெஸ்க்டாப்புக்குள் நுழையவும் இதேபோல் ஒன்று வைப்பீர்கள். எல்லாக் கிளைக்கும் ஒரே யூசர் ஐடி, ஓடிபி மட்டும் மதுரை முதலாளி போனுக்கு என்ற பழக்கம் இனி ஓடாது. கிளைக்கு ஒரு துணை யூசர் உருவாக்கி, அந்தந்தக் கிளைப் போனைப் பதிவு செய்யுங்கள்.

நெட் விஷயத்தோடு இதைச் சேர்த்தும் பாருங்கள். கீழமாசி வீதிக் கடையிலிருந்து உங்கள் குடோனுக்கு 50 கிலோமீட்டருக்குள் சரக்கு வருவதற்கு இ-வே பில்லில் வண்டி எண் உள்ள இரண்டாம் பகுதி தேவையில்லை. குடோனிலிருந்து பெங்களூரு வண்டி கிளம்பும்போது அது வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பெங்களூருக்கு 3 நாள் செல்லுபடி. ஆக, லைன் கட்டாயம் உயிரோடு இருக்கவேண்டிய நேரம் இரவு வண்டி புறப்படும் நேரம். இரண்டாவது லைனைச் சோதிப்பதாக இருந்தால் அந்த நேரத்தில் சோதியுங்கள்.

கிளவுடில் வைத்தால் வைரஸ், ஹேக்கிங் பயம் இல்லையா?

குறையும், போகாது. கிளையிலிருந்து வெளிப்பக்கமாக மட்டுமே இணைப்பு போவதால் உங்கள் பக்கம் எந்தப் போர்ட்டையும் திறக்கவேண்டாம். அது பெரிய லாபம். ஆனால் கிளார்க் மெயிலில் வந்த போலி இணைப்பைச் சொடுக்கினால் கிளவுடும் காப்பாற்றாது. பேக்கப்பை, அன்றாட நிர்வாகியின் பாஸ்வேர்டால் அழிக்க முடியாத இடத்தில் வைக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பி ஏற்றிப் பார்க்கவேண்டும்.

தாக்குதல் நடந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும், 180 நாள் பதிவுகளை இந்தியாவுக்குள் வைத்திருக்கவேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்கின் பேக்கப்பைத் தினசரி இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்கவேண்டும் என்ற விதியும் அதே வருடம் வந்தது. டிரைவர்களின் லைசென்ஸ், ஆதார் நகல்களைக் குவித்து வைத்திருப்பவர்கள் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாத நகல்களைக் கிளவுடுக்கு ஏற்றாமலே அழிப்பது உத்தமம்.

எந்த மாதம் மாற்றலாம்?

மார்ச், ஏப்ரல் வேண்டாம்: கணக்கு முடிப்பு, அப்புறம் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஊருக்குள் வண்டியே நகராது, கிளைக்கு யாரும் போய்ச் சரிசெய்ய முடியாது. ஆகஸ்டிலிருந்து தீபாவளி வரை சிவகாசி லோடு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதுமே அங்கே வேலை சூடுபிடித்துவிடும். டிசம்பரில் காலண்டர், டைரி பார்சல், ஜனவரியில் பொங்கல்.

மிச்ச மாதங்களில் வசதியானவை ஜூன், ஜூலை. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று பெரிய முதலாளி சொல்வார். அவரோடு வாதாடாமல் ஆனியிலேயே முடித்துவிடுங்கள். நாள், சனிக்கிழமை இரவு. கடைசி வண்டி கிளம்பியபின் டேட்டாபேஸை நிறுத்திக் கடைசி நகலெடுத்து ஏற்றுவது. 300 ஜிபி டேட்டா 100 எம்பிபிஎஸ் லைனில் ஏறக் கிட்டத்தட்ட 7 மணி நேரம். அதனால் பெரும்பகுதியை முந்தைய வாரமே ஏற்றிவைத்து, அன்று ராத்திரி மாறியதை மட்டும் அனுப்புவார்கள். டெலிவரி ரசீது ஸ்கேன்கள்தான் உண்மையில் பெரிய குவியல். அவை மெதுவாகப் பின்னால் வரட்டும். ஞாயிறு சோதனை, திங்கள் புக்கிங்.

எல்லாக் கிளையும் ஒரே நாளில் மாறவேண்டுமா?

டேட்டாபேஸ் மாறுகிற நாளில் எல்லோரும் மாறித்தான் ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன் சோதனைக்கு மூன்று கிளைகளை எடுத்து, டேட்டாவின் நகலோடு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். நெட் நன்றாக இருக்கிற, ஆள் கெட்டிக்காரராக இருக்கிற கிளையைத்தான் எல்லோரும் சோதனைக்கு எடுக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யவேண்டும். நெட் மோசமான கிளை ஒன்று, பிரிண்டர் பழசான கிளை ஒன்று, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற மேனேஜர் உள்ள கிளை ஒன்று. அந்த மேனேஜர் சரி என்றால் மற்றவர்கள் சரி.

ஊழியர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

புதிதாக அதிகம் இல்லை. திரை அதேதான். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்: வேலை முடிந்தால் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போகக்கூடாது, சைன் அவுட் கொடுக்கவேண்டும். பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், அவர் பெயரில் வேலை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒருவர் அப்படி விட்டுப் போனாலும், துண்டிக்கப்பட்டவரை வெளியேற்றும் நேரம் வரும்வரை அவர் இருந்த கணினி அணையாது.

கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்கு வேலை போய்விடுமா?

சர்வர் அறைக்கு ஏசி போடுகிற, டேப் மாற்றுகிற வேலை போகும். பிரிண்டர், லைன், யூசர் உரிமை, மாத பில்லைச் சரிபார்ப்பது எல்லாம் அதே ஆட்களுக்குத்தான் வரும். பில்லை வாராவாரம் பார்க்க ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

பழைய சர்வரை என்ன செய்வது?

முதல் மாதம் அணைத்து வையுங்கள், விற்காதீர்கள். கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகளின் கணக்கு கைவசம் இருக்கவேண்டும். பழைய சாஃப்ட்வேரில் மட்டும் திறக்கிற பழைய வருடங்கள் ஏதாவது அந்த சர்வரில் தங்கிவிட்டனவா என்று அந்த மாதத்தில்தான் தெரியவரும். அதன்பின் டிஸ்க்குகளைக் கழற்றி, முழுதாக அழித்துவிட்டு அல்லது ஓட்டை போட்டுவிட்டு, பெட்டியை மட்டும் பழைய சாமான்காரருக்குக் கொடுங்கள். டிஸ்க்கோடு கொடுத்தால் உங்கள் பார்ட்டிகளின் விலை விகிதம் முழுவதும் அவரோடு போகும்.